கடன் உள்ள படகை விற்பது எப்படி?

படகும் கடனும்

கடலோரக் குடும்பத்துக்குப் படகுதான் நிலம். படகுதான் சோறு.

ஃபைபர் படகு, எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி. எல்லாம் சேர்த்து வாங்க லட்சக் கணக்கில் பணம் வேண்டும். அவ்வளவு பணம் பலர் கையில் இருக்காது. அதனால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் வாங்குகிறார்கள். மாதா மாதம் தவணை கட்டுகிறார்கள்.

சில ஆண்டுகள் போகின்றன. படகை விற்க வேண்டிய நிலை வருகிறது. உடம்பு முடியாமல் போகலாம். மகன் வேறு வேலைக்குப் போய்விடலாம். வேறு படகு வாங்கும் எண்ணம் வரலாம். ஆனால் கடன் இன்னும் தீரவில்லை.

கடன் தீராத படகை விற்கலாமா? விற்கலாம். அதற்கு ஒரு முறை உண்டு. அந்த முறையில் விற்றால் விற்பவருக்கும் பயம் இல்லை, வாங்குபவருக்கும் பயம் இல்லை. முறை தவறினால் படகு கையை விட்டுப் போகும். கடன் மட்டும் வீட்டிலேயே நிற்கும்.

படகின்மேல் யாருக்கு உரிமை?

நகையை வைத்துக் கடன் வாங்கினால், நகை வங்கியின் பெட்டிக்குப் போய்விடும். கடனைத் தீர்த்த பிறகுதான் நகை கைக்கு வரும். இது அடகு.

படகுக் கடன் அப்படி இல்லை. படகை வங்கி எடுத்துக்கொண்டு போவதில்லை. படகு கரையிலேயே இருக்கும். மீனவர் தொழில் செய்யலாம். ஆனால் கடன் தீரும்வரை அந்தப் படகின்மேல் வங்கிக்கும் உரிமை உண்டு. படகு கடனுக்கு ஈடாக இருக்கிறது. வங்கித் தாள்களில் இதை 'ஹைப்பாதிகேஷன்' என்று எழுதுவார்கள்.

படகு கண் எதிரே நிற்கிறது. வங்கியின் உரிமை கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தாளில் இருக்கிறது. அதனால்தான் பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ஆம் ஆண்டில் வந்தது. ஒருவர் தமக்கு உள்ள உரிமையை மட்டுமே விற்க முடியும் என்கிறது அந்தச் சட்டம். பொருளின்மேல் வேறு ஒருவருக்கு உரிமை இருந்தால், அதை வாங்குபவரிடம் மறைக்கக் கூடாது. மறைத்து விற்றால் வாங்கியவர் நட்டஈடு கேட்கலாம். ஏமாற்றினார் என்று காவல் நிலையத்தில் புகாரும் கொடுக்கலாம்.

"தவணையை நான் கட்டிக்கொள்கிறேன்"

காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த கடலோர மாவட்டம். அங்கே பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்கள் உள்ளன. அப்படி ஓர் ஊரில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படிக்கலாம்.

கணவர் முப்பது ஆண்டு கடலுக்குப் போனவர். இப்போது முழங்கால் வலி. படகில் நிற்க முடியவில்லை. மனைவி சந்தையில் கூடை வைத்து மீன் விற்கிறார். படகின்மேல் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறது. அந்தக் கடனுக்கு மனைவியின் தம்பி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பக்கத்து ஊரிலிருந்து ஓர் இளைஞர் படகைக் கேட்டு வந்தார். தூரத்து உறவு.

"மாமா, எஞ்சின், வலை எல்லாம் சேர்த்து மூணு லட்சத்து அறுபதாயிரம்னு முடிச்சுக்குவோம். இப்ப ஒன்றரை லட்சம் கையில தர்றேன். மீதி பேங்க் கடன்தானே? மாசா மாசம் தவணையை நானே கட்டிக்கிறேன்" என்றார் அவர்.

கணவருக்கு இது நல்லதாகப் பட்டது. உறவுக்காரப் பையன். கையில் உடனே பணம். வங்கிக்கு அலைய வேண்டாம்.

மனைவி ஒன்று கேட்டார்.

"தம்பி, தவணையை நீ கட்டுற. சரி. ஒரு மாசம் கட்டாமப் போனா பேங்க்காரங்க யாரைத் தேடி வருவாங்க?"

"அப்படியெல்லாம் ஆகாது அத்தை."

"ஆகும்னு நான் சொல்லலை. ஆனா யாரைத் தேடி வருவாங்க?"

இளைஞர் பதில் சொல்லவில்லை.

மனைவி தகரப் பெட்டியைத் திறந்தார். கடன் ஒப்பந்தத்தை எடுத்தார். அவர் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வங்கியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் படகை விற்கக் கூடாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அடியில் கணவரின் கையெழுத்து. அதற்கும் அடியில் தம்பியின் கையெழுத்து.

"ஏங்க, படகு போயிடும். இந்த ரெண்டு கையெழுத்தும் இங்கேயேதான் இருக்கும்" என்றார்.

மனைவி சொன்னது சரி. இளைஞர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மீன்பாடு குறையலாம். புயல் வரலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் வருமானம் இல்லாமல் தவணை நின்றுபோகலாம். அப்போது என்ன நடக்கும்?

வங்கிக்கு அந்த இளைஞர் யார் என்றே தெரியாது. கடன் பழையவர் பெயரில் இருக்கிறது. நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். வட்டி ஏறும். அவர் நாளை வேறு கடன் கேட்டால், இந்தப் பாக்கி வங்கியின் கணினியில் தெரியும். புதுக் கடன் கிடைப்பது கடினம்.

ஜாமீன் போட்டவரும் தப்ப முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. படகில் கால் வைக்காத தம்பியிடமும் வங்கி பணம் கேட்கலாம்.

இளைஞருக்கும் ஆபத்து உண்டு. ஒன்றரை லட்சம் கொடுத்திருப்பார். தவணையும் கட்டியிருப்பார். ஆனால் படகு அவர் பெயரில் இருக்காது. பழையவர் பெயரில் உள்ள வேறு பாக்கிக்காக வங்கி அதே படகைக் கைப்பற்றலாம்.

சிலர் ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் பேசி முடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பஞ்சாயத்தார் நல்ல சாட்சிகள். பின்னால் சண்டை வந்தால் அவர்கள் சொல் உதவும். ஆனால் அவர்கள் பேசி முடித்ததால் வங்கியின் உரிமை நீங்கிவிடாது. வங்கியின் உரிமையை வங்கிதான் நீக்க முடியும்.

முதல் வேலை: வங்கிக்குப் போவது

கணவனும் மனைவியும் வங்கிக்குப் போனார்கள். கடன் பிரிவு அதிகாரி ஒரு பெண்.

"படகை விற்கலாம்னு இருக்கோம் மேடம். கடன் இன்னும் முடியலை" என்று மனைவி தயக்கத்தோடு சொன்னார்.

"விற்கிறது தப்பில்லைம்மா. எங்களுக்குச் சொல்லாம விற்கிறதுதான் தப்பு" என்றார் அதிகாரி.

வங்கியில் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. இன்றைய தேதியில் கடன் முழுவதையும் தீர்க்க எவ்வளவு கட்ட வேண்டும்?

2. ஒரு நாளைக்கு வட்டி எவ்வளவு?

3. முன்கூட்டியே கடனை முடித்தால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?

4. இதே படகு வேறு கடனுக்கும் ஈடாக உள்ளதா?

5. பணம் கட்டிய பிறகு தடையில்லாச் சான்று எத்தனை நாளில் கிடைக்கும்?

நான்காவது கேள்வி முக்கியமானது. 2018-19 நிதிநிலை அறிக்கையில், கிசான் கிரெடிட் கார்டு வசதி மீனவர்களுக்கும் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. அதனால் சில குடும்பங்களுக்கு இரண்டு கடன் இருக்கும். ஒன்று படகு வாங்கிய கடன். மற்றொன்று டீசலுக்கும் ஐஸுக்கும் வாங்கிய கார்டுக் கடன். இரண்டுக்கும் ஒரே படகு ஈடாக இருந்தால், ஒன்றை மட்டும் தீர்த்தால் போதாது.

அரசு மானியத்தில் வாங்கிய படகு என்றால் மீன்வளத் துறையிலும் கேட்க வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விற்கக் கூடாது என்று மானிய ஆணையில் நிபந்தனை இருக்கலாம்.

பதிலை வாயால் கேட்டு வந்தால் போதாது. எழுத்தில் வாங்க வேண்டும். அதற்கு இப்படி ஒரு கடிதம் கொடுக்கலாம்.

மாதிரிக் கடிதம்

அனுப்புநர்: (பெயர், முகவரி)

பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)

ஐயா / அம்மா,

பொருள்: கடன் உள்ள படகை விற்க அனுமதி கேட்டல்.

என் படகுக் கடன் கணக்கு எண் ............ . படகின் பதிவு எண் ............ . இந்தப் படகை விற்க விரும்புகிறேன். விற்ற பணத்திலிருந்து கடன் முழுவதும் தங்கள் வங்கியில் கட்டப்படும். கடனைத் தீர்க்கக் கட்ட வேண்டிய தொகையையும், ஒரு நாள் வட்டியையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். பணம் கட்டியதும் தடையில்லாச் சான்று தருவதாகவும் எழுதித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து, தேதி)

கடிதத்தை இரண்டு பிரதி எழுத வேண்டும். ஒன்றை வங்கியில் கொடுக்க வேண்டும். மற்றொன்றில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

வங்கி தந்த கடிதத்தில் இப்படி இருந்தது என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம்.

5-ஆம் தேதி வரை வட்டியோடு பாக்கி: 2,10,000 ரூபாய்.
ஒரு நாள் வட்டி: 57 ரூபாய் 50 காசு.

படகு விற்பனை 15-ஆம் தேதி நடக்கிறது. இடையில் 10 நாள்.

10 நாள் வட்டி: 575 ரூபாய்.
வங்கிக்குக் கட்ட வேண்டியது: 2,10,575 ரூபாய்.

படகின் விலை: 3,60,000 ரூபாய்.
வங்கிக்குப் போவது: 2,10,575 ரூபாய்.
விற்பவருக்கு மீதி: 1,49,425 ரூபாய்.

படகின் விலை மூன்றரை லட்சத்துக்கு மேல். ஆனால் குடும்பத்துக்குக் கிடைப்பது ஒன்றரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் விலை பேச வேண்டும். விலை பேசிய பிறகு கணக்குப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும்.

கடன் பாக்கி விலையைவிட அதிகமாகவும் இருக்கலாம். பாக்கி 2,40,000 ரூபாய், விலை 2,00,000 ரூபாய் என்றால், 40,000 ரூபாய் குறைகிறது. அந்தப் பணத்தை விற்பவர்தான் போட வேண்டும். முழுப் பணமும் கட்டாமல் வங்கி சான்று தராது. ஆகவே குறைகிற பணத்துக்கு வழி செய்துகொண்டு, பிறகு படகை விற்க வேண்டும். பணத்துக்கு வழி இல்லை என்றால், விற்கும் முன்பே வங்கி அதிகாரியிடம் பேச வேண்டும்.

முன்பணம் வாங்கும்போது

விலை முடிந்ததும் வாங்குபவர் முன்பணம் கொடுப்பது வழக்கம். மேலே சொன்ன குடும்பம் 10,000 ரூபாய் முன்பணம் வாங்கியது. அதற்கு ஒரு சிறு ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் இவை இருந்தன.

படகின் பதிவு எண். எஞ்சின் எண். படகோடு சேர்ந்து போகும் வலையும் பொருள்களும். மொத்த விலை. கொடுத்த முன்பணம். படகின்மேல் வங்கிக் கடன் இருக்கிறது என்ற உண்மை. மீதிப் பணம் கட்ட வேண்டிய தேதி. வங்கி அனுமதி தராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவது என்ற உறுதி. இருவரின் கையெழுத்து. இரண்டு சாட்சிகளின் கையெழுத்து.

"கடன் இருக்குன்னு எழுதணுமா? வாங்குறவரு பயந்துட மாட்டாரா?" என்று கணவர் கேட்டார்.

"மறைச்சா பின்னால தெரியும். அப்பத்தான் பயப்படுவாரு" என்றார் மனைவி.

5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்கினால், ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் மட்டும் ஒருபோதும் கையெழுத்துப் போடக் கூடாது. பெயர் மாற்றப் படிவமும் வெற்றாக இருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது.

விற்கும் நாள்

பணம் கைமாறும் இடம் கடற்கரையும் அல்ல, டீக்கடையும் அல்ல. கடன் இருக்கும் வங்கிக் கிளைதான் நல்ல இடம். விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து போக வேண்டும். வேலைகள் இந்த வரிசையில் நடக்க வேண்டும்.

முதலில், கடன் பாக்கியை வாங்குபவர் நேராகக் கடன் கணக்கில் கட்ட வேண்டும். அந்தப் பணம் விற்பவர் கைக்கு வர வேண்டியதில்லை. கைக்கு வந்தால் வேறு செலவு வந்துவிடும். எடுத்துக்காட்டில் 2,10,575 ரூபாய் இப்படிக் கடன் கணக்குக்குப் போகும்.

இரண்டாவது, மீதிப் பணம் விற்பவரின் சேமிப்புக் கணக்குக்கு வர வேண்டும். முன்பணம் 10,000 ரூபாய் முன்பே வந்துவிட்டது. ஆகவே இன்று வர வேண்டியது 1,39,425 ரூபாய்.

மூன்றாவது, பாஸ்புக்கில் வரவு வைத்துப் பார்க்க வேண்டும். பணம் அனுப்பியதாக போனில் ஒரு படத்தைக் காட்டினால் அதை நம்பிப் படகைக் கொடுக்கக் கூடாது. அப்படிப் பொய்ப் படம் காட்டி ஏமாற்றுவோர் உண்டு. பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதுவும் போட வேண்டியதில்லை. 'எண்ணைப் போடுங்கள், பணம் வரும்' என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை.

நான்காவது, கடன் முடிந்தது என்ற கடிதமும் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். ஜாமீன்தாரரின் பொறுப்பும் முடிந்தது என்று கடிதத்தில் எழுதச் சொல்வது நல்லது. சான்று அன்றே கிடைக்காவிட்டால், எந்தத் தேதியில் கிடைக்கும் என்று எழுதி வாங்க வேண்டும்.

ஐந்தாவது, விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, படகை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் பத்திரத்தில் எழுத வேண்டும்.

வாங்குபவரும் வங்கிக் கடன் வாங்கி வரலாம். அப்போது அவருடைய வங்கி, விற்பவரின் வங்கிக்கு நேராகப் பணம் அனுப்பலாம். இது இருவருக்கும் பாதுகாப்பு.

ரொக்கத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வருமான வரிச் சட்டத்தில் 2017 முதல் இந்த விதி இருக்கிறது. மீறி வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம்.

ஏலக்காரர் கொடுத்த முன்பணம்

கடற்கரையில் இன்னொரு கடன் உண்டு. அதற்குத் தாள் இருக்காது. ஏலக்காரரோ மீன் வியாபாரியோ எஞ்சினுக்கும் வலைக்கும் பணம் கொடுத்திருப்பார். அதற்குப் பதிலாகப் படகில் வரும் மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும். ஒவ்வொரு ஏலத்திலும் அவர் கமிஷன் பிடிப்பார்.

இந்தக் கடன் இருப்பது வாங்குபவருக்குத் தெரியாமல் போகலாம். படகை வாங்கி முதல் நாள் மீனோடு கரைக்கு வருவார். "இந்தப் படகு மீன் எனக்குத்தான்" என்று ஏலக்காரர் வந்து நிற்பார். அப்புறம் கரையில் சண்டை.

ஆகவே ஏலக்காரரின் கணக்கையும் விற்கும் முன்பே தீர்க்க வேண்டும். பாக்கி எவ்வளவு என்று சாட்சியோடு பேசி முடிக்க வேண்டும். பணம் கொடுத்ததும், பாக்கி இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

படகில் எத்தனை பங்கு?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. காரைக்கால் கடற்கரையிலும் பல உயிர்கள் போயின. படகுகள் நொறுங்கின. அதன் பிறகு தொண்டு நிறுவனங்கள் பல ஊர்களில் படகு கொடுத்தன. நான்கைந்து பேர் சேர்ந்த குழுவுக்கு ஒரு படகு என்றும் கொடுத்தார்கள். அண்ணன் தம்பிகள் பங்கு போட்டு வாங்கிய படகுகளும் உண்டு.

இப்படிப் பங்குப் படகு என்றால் எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் வழக்கு வரலாம்.

பெயர் மாற்றம்

பணம் வந்தது. சான்றும் வந்தது. இதோடு வேலை முடிந்ததா? இல்லை. மீன்வளத் துறையில் படகின் பதிவை வாங்கியவர் பெயருக்கு மாற்ற வேண்டும்.

இது ஏன் முக்கியம்? 2008 நவம்பரில் மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. தாக்க வந்தவர்கள், குஜராத்தைச் சேர்ந்த 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, அதில் வந்தார்கள். அதன் பிறகு நாடு முழுவதும் படகுப் பதிவு கண்டிப்பானது. படகுகளின் விவரம் கணினியில் ஏற்றப்பட்டது. ஒரு படகு தவறான வேலைக்குப் போனால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள். அவர் படகை எப்போதோ விற்றிருப்பார். ஆனால் பதிவு அப்படிச் சொல்லாது.

பெயர் மாற்றத்துக்குப் பதிவுச் சான்று, விற்பனைப் பத்திரம், வங்கியின் தடையில்லாச் சான்று போன்றவை வேண்டும். வேறு என்ன தாள்கள் வேண்டும் என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்றால் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். புதிய பதிவுச் சான்றின் நகல் ஒன்றை விற்றவரும் வாங்கி வைக்க வேண்டும். படகுக்குக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

வாங்குபவர் படகின் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பார். எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார். தாளையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகில் எழுதியுள்ள எண்ணும் ஒன்றா? எஞ்சின் எண் பில்லில் உள்ளபடி இருக்கிறதா? விற்பவர்தான் உரிமையாளரா? வங்கிக் கடன் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். பாக்கித் தொகையை விற்பவர் வாய்ச்சொல்லாகச் சொன்னால் போதாது. வங்கியின் கடிதத்தைக் கேட்க வேண்டும்.

சிக்கல் வந்தால்

கடன் தீர்ந்தும் வங்கி சான்று தராமல் இழுத்தடித்தால், முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், பதில் சரியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. விவரம் கேட்க ரிசர்வ் வங்கியின் தொலைபேசி எண் 14448.

வழக்கு என்று வந்தால் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இதற்கு வழி செய்தது. பெண்களுக்கு, அவர்கள் வருமானம் எவ்வளவு இருந்தாலும், இந்த உதவி கிடைக்கும். இதற்கான தொலைபேசி எண் 15100.

புதிய சொற்கள்

ஈடு: கடனுக்குப் பாதுகாப்பாகக் காட்டும் பொருள்.
ஜாமீன்தாரர்: கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் தாம் கட்டுவதாகக் கையெழுத்துப் போட்டவர்.
பாக்கி: இன்னும் கட்ட வேண்டிய பணம்.
தடையில்லாச் சான்று: வங்கிக்கு இனி அந்தப் பொருளின்மேல் உரிமை இல்லை என்று காட்டும் தாள். இதை என்.ஓ.சி. என்றும் சொல்வார்கள்.

நினைவில் வைக்க

வங்கிக்குச் சொல்லாமல் விற்கக் கூடாது.
கடன் இருப்பதை மறைக்கக் கூடாது.
வங்கிப் பணம் முதலில் வங்கிக்குப் போக வேண்டும்.
பணம் கணக்கில் வந்த பிறகே படகைக் கொடுக்க வேண்டும்.
பெயர் மாறும்வரை வேலை முடியவில்லை.

பயிற்சி

1. நகைக் கடனுக்கும் படகுக் கடனுக்கும் என்ன வேறுபாடு? இரண்டு வரியில் எழுதுங்கள்.

2. தவணையை நானே கட்டுகிறேன் என்று இளைஞர் சொன்னார். அப்படி விட்டிருந்தால் யார் யாருக்கு ஆபத்து? கூடிப் பேசுங்கள்.

3. ஒரு படகின் விலை 2,50,000 ரூபாய். கடன் பாக்கி 1,20,000 ரூபாய். ஒரு நாள் வட்டி 30 ரூபாய். எட்டு நாள் கழித்துக் கடனைத் தீர்த்தால் வங்கிக்கு எவ்வளவு? விற்பவருக்கு எவ்வளவு? (விடை: 1,20,240 ரூபாய், 1,29,760 ரூபாய்)

4. மாதிரிக் கடிதத்தைப் பார்த்து, உங்கள் ஊரில் உள்ள வங்கிக் கிளைக்கு ஒரு கடிதம் எழுதிப் பழகுங்கள்.

5. வீட்டில் உள்ள கடன் தாள் ஒன்றை எடுத்துப் படியுங்கள். அதில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.